விளையாட்டு வினையாகும்போது

நாவல் என்றதும் நம் வீடுகளில் இன்றும் இருவகை முகங்கள் தோன்றும். பெண்மக்களின் முகம் மலரும்; பெரியவர்களின் முகம் சுருங்கும். குன்னூரில் நெடுங்காலமாக அரபும் தமிழும் கற்பித்துவரும் எனக்கு இவ்விரு முகங்களும் பழகியவையே. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு, தேயிலைச் சரிவுகளை மூடுபனி மறைத்துவிட்டால், இம்மலையில் இருப்போர்க்குத் தேநீரும் புத்தகமுமே துணை. அத்தகைய நாளொன்றில் என் இளைய மகள் ஓர் ஆங்கில நாவலை வாசித்துத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். "அத்தா, பொய்யாக ஒரு நிச்சயதார்த்தம்! கேளுங்களேன்" என்று கதையையும் சொன்னாள்.

ஜார்ஜெட் ஹேயர் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1953இல் வெளியிட்ட 'கொட்டிலியன்' என்ற நாவல் அது. கிட்டி என்னும் அநாதைப் பெண்ணை வளர்த்த கருமியான கிழவர், தம் சகோதரிகளின் பேரர்களுள் ஒருவனை அவள் மணந்தால்தான் அவளுக்குத் தம் சொத்து என்று அறிவிக்கிறார். அவள் மனம் விரும்பியவனோ வந்து கேட்கவில்லை. ஆகவே, செல்வமும் நற்குணமும் உடைய, ஆனால் அறிவாளி என்று எவரும் எண்ணாத ஃபிரெடியிடம், "ஒரு மாதத்திற்கு மட்டும் நமக்கு நிச்சயமானதாகச் சொல்லிக்கொள்வோம், நான் லண்டனைப் பார்த்துவிடுவேன்" என்று மன்றாடுகிறாள். அவன் தயங்கித் தயங்கி இசைகிறான். நடிப்பாகத் தொடங்கியது மெய்யாகிறது. அவள் இறுதியில் ஃபிரெடியையே மணக்க விரும்புகிறாள். ஜோடிகள் மாறி மாறி ஆடும் பழைய நடனம் ஒன்றின் பெயரே நூலுக்கும் பெயராயிற்று.

இதைக் கேட்டதும் எனக்கு மதரஸாவில் ஓதிய கிதாப் நினைவுக்கு வந்தது. ஹிஜ்ரி 516இல் மறைந்த ஹரீரியின் 'மகாமாத்'தில் வாஸித் நகரக் கதை ஒன்று உண்டு. அபூ ஸைத் என்னும் சொல்வல்ல எத்தன், ஒரு சத்திரத்தில் தன் நண்பனுக்குத் திருமணம் பேசி முடிப்பதாகப் பாசாங்கு செய்கிறான். புள்ளியுள்ள எழுத்து ஒன்றுகூட வராமல் நிக்காஹ் குத்பா ஓதி அவையோரை வியக்க வைக்கிறான். பின்னர் மயக்கமருந்து கலந்த இனிப்பைக் கொடுத்து, அவர்கள் உறங்கியதும் பொருள்களைச் சுருட்டிக்கொண்டு போகிறான்! இதை உஸ்தாதுகள் முன்னிலையில் ஓதிய நாம், மகள் கையில் நாவலைக் கண்டு முகம் சுளிப்பதற்கு நியாயம் இல்லை.

அந்த ஆங்கில நாவலின் காலமும் நம் மலைக்கு அந்நியமானதன்று. 1811 முதல் 1820 வரையிலான ரீஜன்சி காலத்தைச் சூழ்ந்தவை ஹேயரின் இத்தகைய கதைகள். அதே காலத்தில், 1819இல், கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் நீலகிரியின்மேல் ஏறினார். அவருடைய மனைவியும் மகளும் உதகைப் புனித ஸ்டீபன் தேவாலய வளாகத்தில் அடக்கமாகியிருக்கிறார்கள். அத்தேவாலயத்தின் உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் மாளிகையிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்பதை நம்மவர்களில் பலர் அறிவார்கள்.

அக்காலத்து இங்கிலாந்தில் நிச்சயதார்த்தம் வெறும் சொல்லன்று. மணப்பதாக வாக்களித்து மீறியவர்மீது நட்டஈடு கோரி வழக்காடலாம். 1970இல் இயற்றப்பட்ட சட்டமே அவ்வழக்கை அங்கு ஒழித்தது. ஆகவே ஃபிரெடியின் தயக்கம் கோழைத்தனமன்று. வாக்கின் கனம் அறிந்தவனின் தயக்கம்.

நம் மார்க்கம் இதனை இன்னும் நுட்பமாகப் பிரித்துப் பார்க்கிறது. அரபியில் ஒரே எழுத்துகளின் முதலெழுத்திற்கு ளம்மு இட்டால் 'குத்பா', அதாவது பேருரை. கஸ்ரு இட்டால் 'கித்பா', அதாவது பெண் கேட்டல். கித்பா வாக்குறுதியே அன்றி ஒப்பந்தமன்று; அதிலிருந்து விலகத் தலாக் தேவையில்லை. ஆனால் நிக்காஹ், தலாக், தலாக்கை மீட்டல் ஆகிய மூன்றிலும் விளையாட்டும் மெய்யாகவே கொள்ளப்படும் என்பது நபிமொழியின் கருத்து. ஒருவர் பெண் கேட்டிருக்க, அவர் விலகும்வரை மற்றொருவர் கேட்கலாகாது என்றும் நபிகள் நாயகம் (ஸல்) தடுத்திருக்கிறார்கள். இந்தத் தடையை எண்ணிப் பார்த்தால், பொய் நிச்சயத்தின் தீங்கு விளங்கும். அது மெய்யாக வரவேண்டிய வாசல்களை அடைத்துவிடுகிறது.

எங்கள் மலைப்பகுதியில் நடந்ததைச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டா. நோயுற்ற நன்னியின் மனம் குளிரட்டும் என்று, வெளிநாட்டிலிருந்த பேரனுக்கு உறவிலேயே ஒரு பெண்ணைப் பேசி முடித்ததாக அறிவித்தார்கள். பையனுக்கு விருப்பமில்லை என்பது அவன் வீட்டாருக்கு முன்பே தெரியும். 'நன்னி இருக்கும் வரைதானே' என்று இருந்துவிட்டார்கள். நன்னியோ மேலும் மூன்றாண்டுகள் வாழ்ந்தார். அதற்குள் அந்தப் பெண்ணைக் கேட்டு வந்த இரண்டு நல்ல இடங்கள், 'பேசி முடித்த பெண்' என்று கேட்டதும் திரும்பிப் போயின. நன்னி மவுத்தானபின் சம்பந்தம் இல்லையென்று சொல்லியனுப்பினார்கள். போட்ட வளையல்களைத் திருப்பிக் கொடுக்கும் அவையில் நானும் இருந்தேன். பெண்ணின் தந்தை என்னிடம் கேட்டார்: "ஹழ்ரத், வளையலை எண்ணி வாங்கிக்கொண்டார்கள். என் மகளின் மூன்று வருஷத்தை நான் யாரிடம் எண்ணி வாங்குவது?"

பரிசுப் பொருள்கள் எவருக்குச் சேரும் என்று ஃபிக்ஹு நூல்கள் விரிவாக ஆராய்கின்றன. அந்தக் கேள்விக்கோ அவையில் எவரிடமும் விடையில்லை.

நாவலின் பொய்க்கும் இந்தப் பொய்க்கும் வேறுபாடு ஒன்றுண்டு. கிட்டி அந்த நாடகத்தைத் தானே அமைத்தாள். அதன் தொடக்கமும் முடிவும் அவளுக்குத் தெரியும். நம் ஊர்ப் பெண்ணுக்கோ, பையன் வீட்டார் அனைவரும் அறிந்திருந்த உண்மை மறைக்கப்பட்டது. தன் விருப்பத்திற்கு மாறாகத் தந்தை மணமுடித்து வைத்ததாக முறையிட்ட கன்ஸா (ரலி) அவர்களின் திருமணத்தையே நபிகள் நாயகம் (ஸல்) செல்லாததாக்கினார்கள். பெண்ணின் சம்மதத்திற்கு அத்தனை மதிப்பு உண்டென்றால், உண்மையை அறியாமல் அவள் தந்த சம்மதத்தை என்னவென்று சொல்வது?

பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே பெரியோர் திருமணச் சடங்கை வகுத்தனர் என்கிறார் தொல்காப்பியர். சாட்சியும் தஃப்தரும் நமக்கு ஏன் வேண்டும் என்பதற்கும் அதுவே விளக்கம். ஆனால் தஃப்தரில் ஏறுவது நிக்காஹ்தான். அதற்கு முந்திய வாக்கைக் காப்பது வீட்டுப் பெரியவர்களின் நாணயம் ஒன்றே. ஆகவே நிச்சயத்தை ஊருக்குச் சொல்லுமுன் பையனிடமும் பெண்ணிடமும் தனித்தனியே கேளுங்கள். இடையில் மனம் மாறினால் அன்றே சொல்லியனுப்புங்கள். நாவலை நம் பெண்மக்கள் வாசித்துச் சிரிக்கட்டும். அந்தச் சிரிப்பில் குற்றமில்லை.