கீழ்பவானித் தண்ணீர் வரும் வழி

கீழ்பவானி வாய்க்காலை நம்பி 2.07 லட்சம் ஏக்கர் இருக்கிறது. அந்தப் பகுதி விவசாயிகள் ஊட்டிக்குப் போனால், பூங்காவை மட்டும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். தண்ணீர் வரும் வழியையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து விடியற்காலையிலேயே கோத்தகிரிக்கு ஏறுங்கள். அங்கிருந்து தேயிலைத் தோட்டங்கள் வழியாகச் சுமார் 18 கிலோமீட்டரில் கோடநாடு காட்சிமுனை. செங்குத்தான பள்ளத்தாக்கின் அடியில் மாயாறு வளைந்து ஓடும். நடுவில் தெங்குமரஹாடா வயல்கள் பச்சைத் துண்டுபோலத் தெரியும். மூடுபனி இல்லையென்றால், தூரத்தில் பவானிசாகர் அணையும் தெரியும். பவானியும் மாயாறும் சேர்வது அங்கேதான்.

அடுத்து ஊட்டி வழியாக, கூடலூர் சாலையில் பைக்காரா. 1932 முதல் மின்சாரம் தரும் இந்த ஆறுதான் கீழே மாயாறாகிறது. இங்கே மேடுகளில் புல்வெளி, பள்ளங்களில் சோலைக்காடு. மழைநீரைப் பிடித்துவைத்து, கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுபவை இவைதான்.

வழியில் சரிவுகளைக் கவனியுங்கள். தேயிலை மூடிய சரிவில் மண் நிற்கும். சரிவின் போக்கிலேயே பாத்தி பிடித்த கேரட், உருளைக்கிழங்கு நிலத்தில், ஒரு கனமழைக்கே மண் கரைந்து ஓடையில் இறங்கிவிடும். அது கடைசியில் அணைக்குத்தான் வருகிறது. மலை விவசாயிக்கு மேல்மண் போகிறது. சமவெளி விவசாயிக்கு அணையின் கொள்ளளவு குறைகிறது. சரிவுக்குக் குறுக்கே பாத்தி, வரப்பில் புல் என்று மேலே செய்யும் வேலை, கீழே உள்ள வயலுக்கும் சேர்த்துத்தான்.

புறப்படும் முன் வண்டிக்கு இ-பாஸ் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வேண்டாம்.