நீல மூடி

மே 6

சிதம்பரத்தில் அக்காவைப் பார்த்துவிட்டுக் கிளம்பவே இரவு ஒன்பதாகிவிட்டது. புதுச்சத்திரம் தாண்டும்போது மீட்டரில் மஞ்சள் விளக்கு: டெஃப் குறைவு. டீசல் பாதி டேங்க் இருக்கிறது. தீரப்போவது டீசல் மூடிக்குப் பக்கத்தில் நீல மூடி போட்ட இன்னொரு டேங்கில் இருக்கும் டெஃப், புகையைச் சுத்தப்படுத்தும் திரவம். அந்த நேரத்தில் அது விற்கிற கடை எதுவும் கண்ணில் படவில்லை. ஏதோ சமாளித்து மஞ்சக்குப்பம் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

மே 7

காலையில் பத்து லிட்டர் கேன் வாங்கி முழுவதும் ஊற்றினேன். விளக்கு அணைந்தது.

கேனில் போட்டிருக்கிறது: யூரியா 32.5 சதவீதம், மீதி தாது நீக்கிய தண்ணீர். டீசலோடு இது கலப்பதில்லை. சைலன்சர் பக்கம் போகிற சூடான புகையில் சொட்டுச் சொட்டாகப் பீய்ச்சப்படுகிறது. சூட்டில் யூரியா அமோனியாவாகிறது. அந்த அமோனியா, உள்ளே இருக்கும் வினையூக்கியில் நைட்ரஜன் ஆக்சைடுகளைப் பிடித்து வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றி அனுப்புகிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு நம் ஊர் டீசல் வண்டிகளில் பரவலான சமாச்சாரம் இது. அதற்குமுன் யூரியா என்றால் எங்கள் ஜில்லாவில் மூட்டைதான்.

மே 9

எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. இழுவை, மைலேஜ் எல்லாம் பழையபடி. ஆனால் மீட்டரில் மறுபடி விளக்கு. கூடவே சொல்கிறது: டெஃப் தரம் சரியில்லை, 800 கிலோமீட்டருக்குப் பிறகு ஸ்டார்ட் ஆகாது. ஓடுகிற வண்டி நடுரோட்டில் நிற்காதாம். அணைத்தால் மறுபடி உயிர் வராது, அவ்வளவுதான். சிதம்பரம் போய்வந்தாலே ஏறக்குறைய நூறு கழிந்துவிடும். வட்டிக்காரன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

நண்பர்களைக் கேட்டால் ஆளுக்கொரு தீர்ப்பு. நாக்ஸ் (நைட்ரஜன் ஆக்சைடு) சென்சார் போயிருக்கும், மாற்று என்கிறார்கள் பாதிப்பேர். அதன் விலையைக் கேட்டபிறகு எனக்குப் பேச்சே வரவில்லை.

மே 10

பக்கத்து வீட்டு அண்ணன் குறிஞ்சிப்பாடிப் பக்கம் கரும்பு போட்டிருப்பவர். “எதுக்குத் தம்பி காசு குடுத்து வாங்குறே? ஒரு மூட்டை யூரியா இருக்கு. ரெண்டு படி கரைச்சு ஊத்து.” கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் 2015 முதல் வயலுக்கு வரும் யூரியா வேப்பெண்ணெய் பூசியது. அந்த எண்ணெயும் உர யூரியாவில் கூடுதலாக இருக்கும் பையூரெட் என்ற மாசும் பீய்ச்சும் முனையிலும் வினையூக்கியிலும் போய் அப்பிக்கொள்ளும். சொன்னேன். அண்ணன் நம்பவில்லை.

2021 கடைசியில் சீனா யூரியா ஏற்றுமதியை இறுக்கியதும் தென் கொரியாவில் லாரிகள் ஓட முடியாமல் தவித்தன. ஆஸ்திரேலியாவிலிருந்து விமானப்படை விமானத்தில் 27,000 லிட்டர் டெஃப் கொண்டுவந்தார்கள். மூட்டையைக் கரைத்தால் போதும் என்றால் அவர்களுக்கு ஏன் அந்தப் பாடு?

மே 12

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சின்னப் பட்டறை. மெக்கானிக் தம்பி ஸ்கேனரைச் செருகினார். இரண்டு பிழைக் கோடு: பி207எஃப், பி20இஇ. முதலாவது திரவத்தின் தரம். இரண்டாவது, புகை போதிய அளவு சுத்தமாகவில்லை என்பது. “ரெண்டாவதைப் பார்த்துட்டு சென்சாரை மாத்திடுவாங்க சார். முதல்ல இதைப் பார்ப்போம்” என்று டேங்கிலிருந்து ஒரு சொட்டு உறிஞ்சி, கைக்கடக்கமான ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் விட்டு வெளிச்சத்தில் பிடித்தார். “32.5 காட்டணும். 28 சொச்சம்தான் காட்டுது. தண்ணி ஏதாவது ஊத்தினீங்களா சார்?”

இல்லை என்றேன். கேன் வெயிலில் கிடந்திருக்கும், கடைக்காரன் ஏமாற்றியிருப்பான் என்று வேறு சேர்த்துக்கொண்டேன். வெயில் என்பதில் அரை உண்மை உண்டு: 25 டிகிரியில் ஒன்றரை வருஷம் தாங்கும் திரவம் 35 டிகிரியில் ஆறு மாதம்தான் தாங்கும். நம் ஊர்த் தகரக் கொட்டகையைச் சொல்லவே வேண்டாம். தம்பி மிச்சமிருந்த கேனின் அடியைச் சாய்த்து அதிலும் ஒரு சொட்டு எடுத்தார். 32.5. என்னைப் பார்க்கவில்லை, கருவியைத் துடைத்து வைத்தார்.

ஆறாம் தேதி எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். டிக்கியில் வைப்பருக்காக வீட்டுக் குழாயில் பிடித்த தண்ணீர் இரண்டு லிட்டர் பாட்டிலில் இருந்தது. மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தானே என்று நீல மூடியைத் திறந்து ஊற்றிவிட்டேன். இன்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்: டேங்கில் ஒரு மூன்று லிட்டர் மிச்சம், என் இரண்டு, மறுநாள் பத்து. சரியாக 28 சொச்சம்தான் வருகிறது.

மே 13

தம்பியிடம் சொல்லிவிட்டேன். “தெரியும் சார்” என்றார். டேங்கை வடித்து, தாது நீக்கிய தண்ணீரால் இரண்டுமுறை அலசினார். பீய்ச்சும் முனையைக் கழற்றியபோது அதில் வெள்ளையாகப் பூத்திருந்தது. கத்தியோ கம்பியோ தொடவில்லை; வெதுவெதுப்பான நீரில் போட்டார். யூரியாப் பூ கரைந்துபோனது. ஓரத்தில் நூலிழை போல ஒரு வளையம் மட்டும் கரையவில்லை. “இது நம்ம ஊர்த் தண்ணி சார்.” வீட்டு வெந்நீர்ப் பானையின் அடியில் படியும் அதே சுண்ணாம்பு. இது வினையூக்கிவரை போய்ச் சேர்ந்திருந்தால் சென்சார் விலையே மலிவாகத் தெரிந்திருக்குமாம்.

முனையை அளவுக் குடுவைக்குள் பீய்ச்ச விட்டுச் சோதித்தார். ஸ்கேனரில் காட்டிய அளவும் குடுவையில் விழுந்ததும் ஒத்துப்போயின. புதுக் கேன் ஊற்றிப் பிழைக் கோடுகளை அழித்தார். “விளக்கு உடனே போகாது. சைலன்சர் நல்லா சூடாகணும். ஊருக்குள்ள சுத்தினா ஆகாது, சிதம்பரம் ரோட்டுல ஒரே வேகத்துல போங்க.”

மே 15

ஓ.டி. (பழைய டவுன்), சிப்காட் தாண்டும்வரை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆலப்பாக்கம் நெருங்கும்போது பார்த்தேன், இல்லை. எங்கே அணைந்தது என்று கவனிக்கத் தவறிவிட்டேன். அக்காவிடம் விளக்கின் கதையைச் சொன்னேன். பாட்டிலைப் பற்றிச் சொல்லவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், தம்பி திருப்பித் தந்திருந்த வடித்த திரவத்தின் அருகே பக்கத்து வீட்டு அண்ணன் நிற்கிறார். யூரியாதானே, தென்னைக்கு ஊற்றலாமா என்கிறார். போனில் தம்பியைக் கேட்டேன். “இன்னும் நிறையத் தண்ணி கலந்து ஊத்தச் சொல்லுங்க சார். இந்தத் தடவை குழாய்த் தண்ணியே போதும்.”