கடையில் கேட்ட பேச்சு

ஹாஸ்டல் நாட்களில் 'மணி ஃபார் நத்திங்' பாட்டை நான் தப்பாகத்தான் புரிந்துவைத்திருந்தேன். சீனியர் ஒருத்தரின் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து காப்பி செய்த எம்பி3. கிடார் உள்ளே நுழைந்ததும் தலையை ஆட்ட வேண்டும், அன்றைக்கு அவ்வளவுதான் என் ரசனை. யாரோ ராக் ஸ்டார் தன் சம்பாத்தியத்தைப் பீற்றிக்கொள்கிறான் என்று நினைத்தேன். வேலைக்குப் போய்ச் சில வருடம் கழித்துத்தான் வரிகளை ஒழுங்காகக் கேட்டேன். பேசுவது ஸ்டாரே இல்லை. மைக்ரோவேவும் ஃப்ரிட்ஜும் சுமக்கிற ஒரு ஆள், டிவியில் தெரிகிற ஸ்டாரைப் பார்த்து வயிறெரிகிறான்.

அந்த ஆள் நிஜம். நியூயார்க்கில் வீட்டுச் சாமான் விற்கும் கடை ஒன்றில் டிவிகள் வரிசையாக எம்டிவி காட்டிக்கொண்டிருக்க, ஊழியர் ஒருவர் அதைப் பார்த்துப் புலம்பியிருக்கிறார். டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் மார்க் நாஃப்ளர் அங்கே இருந்தார். கடையிலேயே பேனாவும் பேப்பரும் கேட்டு வாங்கி, விற்பனைக்கு வைத்திருந்த சமையலறை செட்டில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டார். அவரே பேட்டியில் சொன்னது இது. பல சொற்கள் அந்த ஊழியருடையவை.

'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' ஆல்பம் பதிவானது கரீபியனில் இருக்கிற மாண்ட்செராட் தீவில், ஜார்ஜ் மார்ட்டினின் ஸ்டூடியோவில். விடுமுறைக்கு அங்கே வந்திருந்த ஸ்டிங், எம்டிவியின் விளம்பர வாசகத்தைத் தன் பழைய 'டோன்ட் ஸ்டாண்ட் சோ க்ளோஸ் டு மீ' மெட்டில் பாடிக்கொடுத்தார். அவருடைய இசைப் பதிப்பு நிறுவனம் விடவில்லை, உரிமை கேட்டது. பாட்டை எழுதியவர்கள் நாஃப்ளர், ஸ்டிங் என்று இரண்டு பெயர். ஒரு வரி மெட்டுக்குப் பங்கு உண்டு. கடைக்காரர் பேச்சுக்கு? அவர் பெயர்கூடப் பதிவில் இல்லை.

ஆல்பம் 1985 மே மாதம் வந்தது. செப்டம்பரில் இந்தப் பாட்டு அமெரிக்காவில் மூன்று வாரம் முதலிடம். சிடியில் மட்டுமே பத்து லட்சம் பிரதி தாண்டிய முதல் ஆல்பம் இதுதான். வீடியோவில் அந்தத் தொழிலாளியைக் கம்ப்யூட்டரில் வரைந்தார்கள். கட்டம் கட்டமான உடம்பு. 1987-ல் எம்டிவி ஐரோப்பா தொடங்கியபோது முதலில் ஒளிபரப்பானதும் எம்டிவியைத் திட்டுகிற இந்தப் பாட்டுதான்!

மற்ற ஹிட்களையும் இப்போது வேறு மாதிரி கேட்கிறேன். 'வாக் ஆஃப் லைஃப்' தெருவில் பாடிப் பிழைப்பவனைப் பற்றியது. ஃபாக்லாந்து போர் நடந்த 1982-ல் எழுதிய தலைப்புப் பாட்டில், சாகக்கிடக்கும் சிப்பாய் பேசுகிறான். 'சோ ஃபார் அவே' மட்டும்தான் நாஃப்ளர் தன் குரலில் பாடுவதாக எனக்குத் தோன்றுகிறது. நாலில் அதுதான் சுமார்.

சரி, நான் ஏன் இதைக் கிளறுகிறேன்? இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் வீட்டு ஏசியைச் சரிபார்க்க வந்த அண்ணன் அரைமணி நேரம் பேசிக்கொண்டே இருந்தார். அடுத்தவர்களின் படுக்கையறைகள் பற்றி, யார் வீட்டில் தண்ணீர் கொடுப்பார்கள், யார் வீட்டில் செருப்பை எங்கே விடச் சொல்வார்கள் என்று. அவர் கிளம்பியதும் எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டேன். அப்புறம் அது ஒரு கட்டுரையானது. "பேச்சுமொழி அபாரம்" என்று நாலு பேர் எழுதினார்கள். நன்றி சொன்னேன்.

இந்த மே மாதம் அவரே சர்வீஸுக்கு வந்தார். சொல்லிவிடலாம் என்றுதான் டீ போட்டேன். என் லேப்டாப்பைப் பார்த்துவிட்டு, "உக்காந்த எடத்துலயே சம்பளம். குடுத்து வெச்சவரு சார் நீங்க" என்றார். வாயைத் திறக்க முடியவில்லை. மதிய வெயிலில் சன்ஷேடில் இறங்கி அவுட்டோர் யூனிட்டைக் கழுவினார்.

பில்லுக்கு மேல் 200 ரூபாய் சேர்த்துக் கொடுத்தேன்.

"இது எதுக்கு சார்?"

"வெயில்ல நின்னீங்களேண்ணா" என்றேன்.