சொல்லாது விட்ட பாதி

விழா மலருக்கு ஏதேனும் எழுதித் தருக என மலர்க் குழுவினர் கேட்டபொழுது, பழைய மாணவராகிய எமக்கு முதலில் நினைவிற்கு வந்தவை விளையாட்டுப் போட்டிகளும் பரிசளிப்பு விழாக்களும் நவராத்திரி பூசையுமே. அவற்றைப் பற்றி எம்மிலும் நன்றாக எழுத வல்லார் பலர் உளர். ஆதலின் நாம் வேறொன்றை எழுதத் துணிந்தோம். அஃது எம் வகுப்பார் ஒரு வார இறுதியில் வன்னிக்குச் சென்று, வயலோரத்திற் கூடாரமடித்துத் தங்கி, அரிவு வெட்டிய கதை. அக்கதையின் ஒரு பாதியை அந்நாளிலேயே கல்லூரியார்க்குச் சொல்லிவிட்டோம். மற்றப் பாதியைச் சொல்லாது விட்டோம். ஐம்பது ஆண்டுகட்கு மேலாக மனத்திற் கிடந்த அந்தப் பாதியை இறக்கி வைப்பதற்கு இம்மலரே தக்க இடம் என எண்ணுகின்றோம்.

அது 1974ஆம் ஆண்டு மாசி மாதம். நாட்டில் உணவுத் தட்டுப்பாடு மிகுந்திருந்த காலம். உலகச் சந்தையில் அரிசி, கோதுமை மா, சீனி ஆகியவற்றின் விலை ஏறிவிட்டது; வாங்குவதற்கு அரசினரிடம் அந்நியச் செலாவணி இல்லை. பாணுக்கு விடியுமுன்னரே மக்கள் வரிசையில் நின்றனர். நெல்லையும் அரிசியையும் நினைத்தவாறு ஊர்விட்டு ஊர் கொண்டு செல்வதற்கும் தடையிருந்தது. மரவள்ளிக் கிழங்கு எல்லார் வீட்டிலும் ஒரு வேளை உணவாயிற்று. உணவு உற்பத்தி என்னும் சொல் ஒலியாத மேடையில்லை.

சிரமதானம் என்னும் சொல்லும் அக்காலத்தில் இளைஞரிடையே பெருமதிப்புப் பெற்றிருந்தது. 1958ஆம் ஆண்டு மார்கழியில், கொழும்பு நாளந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்தின தம் மாணாக்கரைக் கனத்தொலுவ என்னும் பின்தங்கிய கிராமத்திற்கு அழைத்துச் சென்று, அம்மக்களோடு தங்கி உழைக்கச் செய்தார். அதிலிருந்து வளர்ந்த சர்வோதய சிரமதான இயக்கம் நாடெங்கும் பெயர் பெற்றிருந்தது. நாளந்தா மாணவர் செய்ததை நாம் செய்யலாகாதோ என்பது எமது வினா. உயர்தர வகுப்பிலிருந்த நாம் பதினால்வர் எம் ஆசிரியர் ஒருவரை அணுகினோம். அவருடன் ஒன்றாய்ப் படித்த ஒருவர், எம் கல்லூரியின் பழைய மாணவர், கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்து நீரை நம்பி மூன்று ஏக்கர் வயல் செய்து வந்தார். ஆசிரியர் அவருக்குக் கடிதம் எழுதினார். "பெடியளைக் கூட்டிக்கொண்டு வாரும், கூலிச் செலவாவது மிஞ்சும்" என மறுமொழி வந்தது. அக்கடைசிச் சொற்களின் பொருளை நாம் அன்று சிந்தித்தோமில்லை.

வெள்ளிக்கிழமை பிற்பகல் புகைவண்டி ஏறினோம். ஆனையிறவிற் கடல் நீர் இருமருங்கும் பளபளக்க, உப்புக் குவைகளைப் பார்த்து ஆரவாரித்தோம். கிளிநொச்சியில் இறங்கியதும், உழவு இயந்திரத்தின் பெட்டியில் எம்மை ஏற்றிச் சென்றனர். யாழ்ப்பாணத்துத் தோட்டங்களையும் பனந்தோப்புகளையுமே கண்டு பழகிய எமக்கு, கண்ணுக்கெட்டிய தூரம் வரை விளைந்து சாய்ந்து கிடந்த நெல் ஒரு புதுமை. வாய்க்காற் கரையில் நின்ற மருதமரத்தின் கீழ்ச் சாரணர் கூடாரங்கள் மூன்றை அடித்தோம். அன்றிரவு மரவள்ளிக் கிழங்கும் சம்பலும் உண்டோம். நுளம்பும், காவற் குடிலிலிருந்து பன்றி கலைப்பவர் இட்ட கூக்குரலும் எம்மை உறங்கவிடவில்லை. ஆயினும் நாட்டுக்கு ஏதோ பெரிய காரியம் செய்ய வந்திருக்கின்றோம் என்னும் நினைவு எம்மை மகிழ்வித்தது.

சனிக்கிழமை விடிந்ததும் அரிவாளுடன் வயலில் இறங்கினோம். தாளை எவ்வளவு பற்றுவது, எவ்விடத்தில் அரிவது, வெட்டிய உப்பட்டியைக் கதிர் ஒருபக்கமாய் எவ்வாறு வைப்பது என்பவற்றை வயற்காரர் காட்டித் தந்தார். ஒரு மணி நேரத்தில் இடுப்பு முறிந்தது. இரண்டு மணி நேரத்தில் உள்ளங்கை கொப்புளித்தது. ஒருவர் விரலை வெட்டிக்கொண்டார். ஆயினும் ஒருவரும் கைவிடவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. வயலின் மேற்கு வரம்பில் ஆண்களும் பெண்களுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் காலை முதலாக எம்மைப் பார்த்துக்கொண்டு நின்றனர். படித்த பிள்ளைகள் சேற்றில் இறங்கியதைக் கண்டு வியந்து நிற்கின்றனர் என நாம் நினைத்தோம். நினைத்ததுமன்றி, அவர்கள் காண வேண்டுமென்றே இன்னும் விரைந்து வெட்டினோம்.

பொழுது சாயும்பொழுது ஏறத்தாழ ஓர் ஏக்கர் வெட்டியிருந்தோம். "பழகின ஆக்கள் எட்டுப் பேர் செய்யிற வேலை, பரவாயில்லை" என்றார் வயற்காரர். அதனை நாம் பாராட்டாகவே கொண்டோம்.

அன்று மாலை எம்மில் இருவர் ஆசிரியருடன் காட்டோரமாக நடந்து சென்றபொழுது நான்கைந்து குடிசைகளைக் கண்டனர். பகல் முழுதும் வரம்பில் நின்றவர்கள் அங்கிருந்தனர். அவர்கள் மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்த மக்கள். தோட்டங்களில் வேலை நாட்களும் உணவும் குறைந்து, பட்டினியாற் பலர் மாண்ட அவ்வாண்டுகளில், பிழைக்க வழிதேடி வன்னிக்கு வந்தவர்களுள் அவர்களும் ஒரு சிலர். முதியவர் ஒருவர் எழுந்து நின்று ஆசிரியரைக் கைகூப்பி வணங்கினார். சற்று நேரம் தயங்கிப் பின் சொன்னார்:

"வாத்தியாரய்யா, கோவிச்சுக்கப்படாது. படிக்கிற புள்ளைங்க, நல்ல மனசோடதான் வந்திருக்காங்க. ஆனா இந்த வயலு எப்பப் பழுக்கும், எப்பப் பழுக்கும்னு ஒரு மாசமா நாங்க பாத்துக்கிட்டு இருந்தோம். வெட்டு முடிஞ்சிட்டா அப்புறம் எங்களுக்கு இங்க வேலை கெடையாதுங்க. நீங்க சும்மா வெட்டிக் குடுத்துப்புட்டா நாங்க எதை வெட்டித் திங்கிறது?"

ஆசிரியர் மறுமொழி கூறவில்லை. கூடாரத்திற்குத் திரும்பியதும் எம்மை அழைத்து இருத்தி, கேட்டதைக் கேட்டவாறே சொன்னார். எம்மில் ஒருவர், "நாம் தீங்கு ஒன்றும் நினைக்கவில்லையே, சேர்" என்றார். "நினைக்கவில்லை, செய்துவிட்டோம்" என்றார் ஆசிரியர். எட்டுப் பேருடைய ஒரு நாட் கூலியை, கையிற் கொப்புளம் வருமளவும் பாடுபட்டு நாம் எடுத்திருந்தோம். இனாமாக உழைத்ததனால் அஃது எம் கண்ணுக்குப் புலப்படவில்லை.

அவ்விரவே ஆசிரியர் வயற்காரரிடம் பேசினார். அவர் முகம் கறுத்தது. "நானே கேட்டனான்? நீரெல்லோ கூட்டிக்கொண்டு வாறன் எண்டு எழுதினது. கடன்பட்டு விதைச்சவன் நான்" என்றார். அவர் கூறியதிலும் உண்மை இருந்தது. அவர் கொடியவரல்லர், கூலி மிஞ்சினால் வட்டியாவது கட்டலாம் என்றிருந்தவர். நெடுநேரம் பேசாதிருந்து, ஈற்றில், "சரி, மிச்சத்தை அவையளே வெட்டட்டும். நீங்கள் வெட்டினதைக் கட்டிச் சூடு வைக்கிற வேலையும் அவையளுக்குத்தான்" என்றார்.

அங்ஙனமாயின் ஞாயிற்றுக்கிழமை நாம் என் செய்வது? அதனையும் அம்முதியவரிடமே கேட்டோம். குடிசைகளின் பின்புறம் இடுப்பளவு ஆழத்திற் பாதியில் விடப்பட்ட ஒரு குழியை அவர் காட்டினார். அவர்கள் வாய்க்கால் நீரையே மொண்டு குடித்து வந்தனர். அறுவடை முடிந்து துருசு அடைத்துவிட்டால் அந்நீரும் இல்லை. பெண்கள் அரைக்கட்டை தூரம் குடத்துடன் நடக்க வேண்டும். கிணறு வெட்டத் தொடங்கினார்கள். ஆனால் கிணறு வெட்டும் நாள் கூலியில்லா நாள். ஆகவே வேலை நின்றுவிட்டது. கூலி கொடுப்பார் இல்லாத வேலை, எவர் கூலியையும் பறிக்காத வேலை, அங்கே எமக்காகக் காத்துக் கிடந்தது. முதல் நாள் அதனைக் கேட்டறிய எமக்குத் தோன்றவில்லை.

விடியுமுன் தொடங்கினோம். மண்வெட்டி, அலவாங்கு, கடகம் ஆகியவற்றை வயற்காரரே தந்தார். இருவர் உள்ளே நின்று வெட்ட, ஏனையோர் மண்ணை வாங்கி வாங்கிக் கொட்டினோம். அப்பால் வயலில் அவர்கள் அரிவு வெட்டிக்கொண்டிருந்தனர். அந்தக் கைகளின் வேகத்தைக் கண்டபொழுது, முதல் நாள் நாம் காட்டிய வேகம் எத்தகையது என்பது விளங்கிற்று. நண்பகலில் அவர்கள் வீட்டுப் பெண்ணொருவர் எமக்குத் தேநீர் கொண்டு வந்து தந்தார். சீனி இல்லை, ஒவ்வொருவர் கையிலும் சிறு பனங்கட்டித் துண்டு வைத்தார். அத்துண்டுகளை அவர் எண்ணி எண்ணி வைத்ததை நாம் கண்டோம்.

மாலைப் புகைவண்டிக்குப் புறப்பட வேண்டிய நேரம் வந்தபொழுது குழி ஆளுயரத்தைக் கடந்திருந்தது. மண்ணில் ஈரம் கண்டோம், நீர் காணவில்லை. மனக்குறையுடனே திரும்பினோம். மூன்று கிழமை கழித்து வயற்காரர் ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தில், அம்மக்கள் மேலும் நான்கு முழம் வெட்டினர் எனவும், தண்ணீர் வந்துவிட்டது எனவும் இரண்டு வரிகள் இருந்தன. அலவாங்கும் மண்வெட்டியும் தாமே இரவல் கொடுத்ததாக அவர் எழுதவில்லை. கொடுத்திருப்பார் என்றே நம்புகின்றோம்.

அடுத்த திங்கட்கிழமைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் எமது அறிக்கை வாசிக்கப்பட்டது. "ஓர் ஏக்கர் நெல் வெட்டினோம், ஏழைகளுக்குக் கிணறு தோண்டினோம்" என்று அதில் இருந்தது. மண்டபம் நிறையக் கைதட்டினர். முதியவர் கூறியதை நாம் எழுதவில்லை. ஆசிரியர் அறிக்கையை வாசித்துப் பார்த்தார்; திருத்தவில்லை; எம்மைப் பார்த்தார். அப்பார்வையே இக்கட்டுரையை எழுதுவிக்கின்றது.

பின்னர் காலம் பலவற்றையும் புரட்டிற்று. 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகத்தவர் ஆயிரக்கணக்கில் வன்னிக்கு வந்தனர். 2009 வரை நீடித்த போர் அங்கிருந்தோர் அனைவரையும் வேரோடு பெயர்த்தது. 1990இல் நின்ற புகைவண்டி 2013இற் கிளிநொச்சிக்கும் 2014இல் யாழ்ப்பாணத்திற்கும் மீண்டும் வந்தது. அவ்வண்டியில் எம்மிற் சிலர் கிளிநொச்சி சென்று இறங்கினோம். வயல்களில் அறுவடை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மருதமரத்தையும் அக்கிணற்றையும் தேடினோம். இடம் அடையாளம் தெரியவில்லை. அம்மக்களின் பிள்ளைகள் எங்கே உளர் என்பதும் தெரியவில்லை.

இன்று கல்லூரி மாணவர் வார விடுமுறையிற் பண்ணைகளுக்கும் கிராமங்களுக்கும் தொண்டு செய்யச் செல்கின்றனர் என அறிந்து மகிழ்கின்றோம். செல்லுங்கள். கூடாரத்தில் உறங்குங்கள், கை கொப்புளிக்க உழையுங்கள். ஆனால் பாத்திரமறிந்து பிச்சையிடு என முன்னோர் கூறியது உழைப்பைத் தானம் செய்வார்க்கும் பொருந்தும். அரிவாளைக் கையிலெடுக்குமுன் வரம்பைப் பாருங்கள். அங்கே எவரேனும் நின்றால், அவர் உங்களை வியந்து நிற்கின்றார் என எண்ணிவிடாதீர்கள். அருகே சென்று கேளுங்கள்.