குன்றாண்டார்கோவில் வழியில் ஒரு பகலுணவு

விடுமுறையில் குடும்பத்தோடு வெளியூர் புறப்படும்போது, எங்கே செல்வது என்பதைப் பல நாள் பேசி முடிவு செய்கிறோம். எங்கே உண்பது என்பதை மட்டும் வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். அப்படி விட்டதன் பலனை அண்மையில் நாங்கள் அனுபவித்தோம். உங்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

மகனின் வரலாற்றுப் பாடத்தில் குடைவரைகள் பற்றிய பகுதி வந்தது. அவற்றுள் ஒன்றை நேரில் காட்ட எண்ணி, என் அன்னையார், மனைவி, மகன், நான் என நால்வரும் திருச்சியிலிருந்து புறப்பட்டோம். புதுக்கோட்டைச் சாலையில் கீரனூர் வரை சென்று, அங்கிருந்து கிளைச்சாலையில் திரும்பினால் குன்றாண்டார்கோவிலை அடையலாம். ஊராட்சி ஒன்றியத்திற்கே பெயர் தந்த ஊராயினும் ஆரவாரம் இல்லாதது.

சிறு குன்றைக் குடைந்து 8ஆம் நூற்றாண்டில் அமைத்த சிவன் கோயில் அங்கே உள்ளது. அதன் முன்னே, விசயநகர காலத்தில் எழுப்பிய கல் மண்டபம் ஒன்று தேர் வடிவில் நிற்கிறது. சக்கரங்களும் கல், பூட்டிய குதிரைகளும் கல். "அத்தா, இந்தக் குதிரைகள் இத்தனை நூறு ஆண்டுகளாக இழுத்தும் தேர் நகரவில்லையே!" என்றான் மகன். அனைவரும் சிரித்தோம். மண்டபத்தைச் சுற்றி நின்று அந்தக் கல்தச்சர்களின் கைத்திறனைக் கண்டு வியந்தோம்.

திரும்பும்போது நண்பகல் நெருங்கிவிட்டது. சாலையோரத்தில் கூரைக்கடை நடத்தும் மூதாட்டி ஒருவர், "சோறு வெந்திருச்சு தம்பி, மீன் குழம்பு இருக்கு. சாப்பிட்டுப் போங்க" என்று அழைத்தார். என் அன்னையார் அங்கிருந்த பலகையில் அமரவே போனார். நான்தான், "இந்த வெயிலில் இங்கே வேண்டாம்மா, குளிர்சாதன இடமாகப் பார்ப்போம்" என்று தடுத்தேன்.

திருச்சி நெடுஞ்சாலையில் அத்தகைய இடம் ஒன்று தென்பட்டது. 'குடும்ப உணவகம்' என்று பெரிய எழுத்தில் பலகை. உள்ளே குளிர்ச்சி, மங்கிய வெளிச்சம், மெத்தை இருக்கைகள். பிரியாணியும் பொரித்த கோழியும் சொன்னோம். இறைச்சி ஹலால்தானா என்று பரிமாறுபவரிடம் கேட்டேன். "விசாரித்துச் சொல்கிறேன் சார்" என்று போனவர், தட்டுகளோடு வந்தாரேயன்றி விடையோடு வரவில்லை.

அப்போதுதான் மரத்தடுப்புக்கு அப்பால் இருந்த மேசைகளைக் கவனித்தோம். பகல் ஒரு மணிக்கே அங்கே பீர்க் குவளைகள் நிறைந்திருந்தன. எங்கள் மேசைக்கு வந்த விலைப்பட்டியலிலும் உணவு இரண்டு பக்கம். மற்றப் பக்கங்கள் யாவும் மதுவகை. மகன் அதைப் படித்துக்கொண்டிருந்தான்.

உணவோ, வாயில் வைக்க முடியாத உப்பும் காரமும். சோறு ஆறிப்போயிருந்தது. பின்னர் சிந்தித்தபோது காரணம் விளங்கிற்று. மதுக்கூடங்களில் உப்பும் காரமும் மிகுந்த பண்டங்களை வைப்பது தற்செயலன்று. உப்பு தாகத்தைத் தூண்டும். தாகம் குவளையைக் காலி செய்யும். பசித்து வந்த எங்களுக்குத் தாகத்திற்காகச் சமைத்த உணவு கிடைத்தது.

மது பரிமாறப்படும் விரிப்பில் அமரலாகாது என்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை நமக்குத் தெரியாததன்று. எனினும் நான் எழவில்லை. சொல்லியாயிற்று, வந்தாயிற்று, எழுந்தால் பிறர் என்ன நினைப்பார்கள் என்ற வெட்கம். அன்னையார் ஒரு சொல்லும் பேசாமல், பையிலிருந்த வாழைப்பழத்தை மட்டும் உண்டு தண்ணீர் குடித்தார். அந்த மௌனம்தான் என்னைச் சுட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொகையைக் கொடுத்துவிட்டு, பாதி உணவை மீதம் வைத்து வெளியேறினோம்.

1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கி நாட்டுக்கு வழிகாட்டிய மாநிலம் நம்முடையது. 1971இல் அது தளர்த்தப்பட்டது; பின்னர் மீண்டும் வந்தது, மீண்டும் போயிற்று. 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறைக் கடைகளை நடத்துகிறது. பெங்களூரு போன்ற நகரங்களில் உணவகத்துக்குள்ளேயே பீர் வடித்துக் கொடுக்கிறார்கள். குடும்பங்களும் அங்கே செல்கின்றன. ஆகவே 'குடும்ப' என்ற சொல்லை மட்டும் நம்பி உள்ளே நுழையும் காலம் கடந்துவிட்டது.

அமர்வதற்கு முன்பே, மது உண்டா, இறைச்சி எத்தகையது என்று கேளுங்கள். தெளிவான விடை இல்லையெனில் எழுந்துவிடுங்கள், அதில் வெட்கமில்லை. இயன்றால் கட்டுச்சோறு கொண்டு செல்லுங்கள். நம் பெரியோர் புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிச் சென்றது சிக்கனத்திற்காக மட்டுமன்று என்பது எனக்கு அன்று புரிந்தது.

இரவு வீட்டில் மனைவி வைத்த ரசமும் சுட்ட அப்பளமும் அமிர்தமாக இருந்தன. "காலையில் அந்த அம்மா கூப்பிட்ட கூப்பாட்டில் பாதி வயிறு நிறைந்திருக்கும்" என்றார் அன்னையார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

நீங்கள் குன்றாண்டார்கோவிலுக்குச் செல்வீர்களாயின், அந்தக் கல்தேரை நின்று நிதானமாகப் பாருங்கள். திரும்பும் வழியில் எவரேனும் 'சோறு வெந்துவிட்டது' என்று அழைத்தால், என்னைப்போல் மறுத்துவிடாதீர்கள்.