கப்பலின் நடுவிடம்

கப்பற் பிரயாணத்துக்குப் புறப்படுகின்றவர்கள், எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம், எவ்வளவு கட்டணம் என்பனவற்றையெல்லாம் தீர விசாரிப்பார்கள். அக்கப்பலின் எந்த மூலையில் தாம் படுத்துறங்கப் போகிறோம் என்று விசாரிப்பவர் மிகச் சிலரே. நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தோம். 2023 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் நோர்வே நாட்டின் கரையோரமாகச் செய்த ஆறு நாட் பிரயாணம் எமது கண்ணைத் திறந்தது.

அப்பிரயாணம் எமது தாயாருக்காக ஏற்பட்டது. எமது இளைய சகோதரன் 1987 இல் நோர்வேக்குப் போனவன். யாழ்ப்பாணத்து இளைஞர்கள் பலரைப் போல அவனும் அந்நாட்டின் வடகோடியில், போட்ஸ்பியோர்ட் என்னும் சிறு துறையில், மீன் தொழிற்சாலையொன்றிலே சில ஆண்டுகள் மீன் வெட்டினான். அங்கிருந்து நீலநிற விமானக் கடிதங்கள் வரும். “இங்கே நடுச்சாமத்திலும் வெயில் எறிக்கிறது, அம்மா” என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தான். தாயார் அதை நம்பவில்லை. தாய் கவலைப்படக் கூடாதென்று பிள்ளை ஏதோ வேடிக்கையாக எழுதுகிறான் என்றே எண்ணினார். இப்போது சகோதரன் பேர்கன் நகரில் வீடு வாசலோடு இருக்கிறான். ஆயினும் எழுபத்தெட்டு வயதில் அவனைப் பார்க்கச் சென்ற தாயார் கேட்டது ஒன்றுதான்: “அவன் முதலில் நின்று வேலை செய்த இடத்தை ஒருக்கால் காட்டுங்கோ.”

பேர்கனிலிருந்து ரஷ்ய எல்லைக்கு அண்மையிலுள்ள கிர்க்கெனஸ் வரை நாள்தோறும் கப்பல் செல்கிறது. றிச்சார்ட் வித் என்னும் கப்பல் தலைவர் 1893 இல் தொடங்கிய சேவை அது. முப்பத்துநான்கு துறைகளைத் தொட்டுச் செல்லும் அக்கப்பல்கள், சரக்கும் ஏற்றும். உள்ளூர்ச் சனங்களையும் ஏற்றும். எம்மைப்போல் வேடிக்கை பார்க்க வந்தவர்களையும் ஏற்றும். போட்ஸ்பியோர்ட்டும் அத்துறைகளில் ஒன்று.

வழி கிடைத்துவிட்டது. ஆனால், தாயாரைக் கப்பலில் ஏற்றுவது எளிதாயிருக்கவில்லை. 1970களில் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குப் போனபோது அவர் பட்ட பாட்டை இன்றும் மறக்கவில்லை. மூன்று மணி நேரப் பிரயாணத்திலே குடலே வெளியே வந்துவிடும்போல் இருந்ததாம். அதற்குமேல் முழங்கால் வாதமும் சேர்ந்துகொண்டது. ஆகவே, அவருக்கு ஏற்ற கபின் எது என்பதே எமது முழுச் சிந்தனையாயிற்று. கப்பலின் தளப்படத்தை மேசையில் விரித்து, எமது சகோதரனும் நாமும் இரண்டு இரவுகள் ஆராய்ந்தோம்.

“அண்ணா, துலாவை நினைச்சுப் பாருங்கோ” என்றான் அவன். துலா ஏறி இறங்கும்போது அதன் இரு முனைகளும் வெகு தூரம் எழுந்து தாழ்கின்றன. ஆடுகாலின் மேலுள்ள பகுதியோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. அலையில் ஏறி இறங்கும் கப்பலும் அவ்வாறே. அணியம் என்று நம் கடற்றொழிலாளர் கூறும் முன்புறமும், பின்புறமும் பெரிதாக ஆடும். நடுப்பகுதி குறைவாகவே ஆடும். இனி, கப்பல் இடமும் வலமுமாகச் சாய்வதை அறியப் பனைமரத்தைப் பார்த்தாற் போதும். காற்றடிக்கும்போது வட்டு ஆடுகிறது, அடிமரம் அசைவதில்லை. மேற்றளத்து அறைகள் வட்டுப் போன்றவை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலுள்ள அறைகள் அடிமரம் போன்றவை. ஆகவே, கடல் ஒத்துக்கொள்ளாதவருக்கு நடுவிலும் தாழ்விலும் உள்ள அறையே உத்தமம். பெரும் பணம் கொடுத்து உச்சித் தளத்தில் முகப்பறையை எடுப்பவர்களே, கடல் குழம்பும் நாளில் அதிகமாக ஆட்டப்படுகிறார்கள்.

அடுத்து, வலப்பக்கமா, இடப்பக்கமா என்ற கேள்வி. இதைப்பற்றி ஒரு பழைய கதை உண்டு. ஆங்கிலத்தில் ‘போஷ்’ என்றால் பகட்டானது என்று பொருள். இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேறிய துரைமார், போகும்போது வெயில் குறைந்த இடப்பக்கத்தையும், திரும்பும்போது வலப்பக்கத்தையும் கேட்டுப் பெற்றார்கள் என்றும், அவ்வாங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே கூடி அச்சொல் ஆயிற்று என்றும் கூறுவர். கேட்கச் சுவையான கதை. ஆனால், அதற்கு ஆதாரம் எதுவும் அகப்படவில்லை என்பதே அகராதி அறிஞர்களின் முடிபு. எனினும், பக்கம் பார்ப்பதில் நியாயமில்லாமல் இல்லை. நோர்வேயில் வடக்கு நோக்கிச் செல்லும்போது பெருநிலம் வலப்பக்கத்திலும், திரும்பும்போது இடப்பக்கத்திலும் வருகிறது. மலையும் ஊரும் பார்க்க விரும்பிய தாயாருக்காக வலப்பக்கத்தைக் குறித்துக்கொண்டோம்.

தளப்படத்தைக் கூர்ந்து நோக்கினால் வேறு பல விஷயங்களும் வெளிப்படுகின்றன. உயிர்காப்புப் படகுகள் தொங்கும் தளத்தில், அவற்றின் பின்னுள்ள சன்னல்களுக்குப் படகின் முதுகே காட்சியாகும். உலாவும் தளத்தில் அறை எடுத்தால், நடந்து செல்வோர் எல்லோரும் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார்கள். சமையலறைக்கும் நடன மண்டபத்துக்கும் கீழேயோ மேலேயோ உள்ள அறைகளில் நித்திரை நிச்சயமில்லை. பெரிய உல்லாசக் கப்பல்களில் நீச்சற் குளத்தின் கீழ் அறை எடுத்தவர்கள், விடியற்காலையில் நாற்காலிகளை இழுக்கும் ஓசையோடு எழும்புகிறார்கள். மேலும் கீழும் அறைகளாகவே உள்ள தளம் அமைதியானது. மின்தூக்கிக்கு எதிரே இருந்தால் சந்தடி. நான்கைந்து கதவுகள் தள்ளியிருந்தால் வசதி. சன்னலில்லாத உள்ளறை மலிவு. சூரியன் மறையாத வடதேசத்துக் கோடையில், நன்றாக இருட்டிக் கிடக்கும் அவ்வறை உறக்கத்துக்கு உகந்ததும்கூட.

இத்தனையும் ஆராய்ந்து, தாயாருக்கும் எமது துணைவியாருக்குமாக நடுப்பகுதியில், தாழ்ந்த தளத்தில், மின்தூக்கிக்குச் சமீபமாக, வலப்பக்கத்துச் சன்னலறை ஒன்றை எடுத்தோம். அதற்கே பணப்பையின் பெரும்பகுதி போய்விட்டது. எமக்கும் மகனுக்கும் அணியத்தில் மிக மலிவான உள்ளறை ஒன்று மிஞ்சியது. “படுக்கத்தானே, எங்கே கிடந்தால் என்ன?” என்று நாம் வீரம் பேசினோம்.

அவ்வீரம் இரண்டாம் இரவு வரையுமே நிலைத்தது. நோர்வேக் கரையின் பெரும்பகுதியைத் தீவுகள் மறைத்துக் காக்கின்றன. கப்பல் குளத்தில் செல்வதுபோலச் செல்கிறது. ஆனால், இடையிடையே தீவுகளின் காவலில்லாத திறந்த கடல்கள் உண்டு. மோல்டே துறையை அடுத்துள்ள ஹுஸ்தாட்விகா அவற்றில் ஒன்று, பாறைகள் நிறைந்தது. 2019 ஆம் ஆண்டு மார்ச் 23 ஆம் திகதி, 1,373 பேரோடு சென்ற வைக்கிங் ஸ்கை என்னும் பெரிய உல்லாசக் கப்பல், புயலில் இயந்திரங்கள் நின்று தத்தளித்தது அங்கேதான். நானூறுக்கு மேற்பட்டோரை ஹெலிகொப்டர்கள் ஒவ்வொருவராகத் தூக்கி மீட்டன. மறுநாள் கப்பல் மோல்டேயை அடைந்தது. நாம் சென்ற இரவில் புயலில்லை. மேற்கிலிருந்து நீண்ட அலைகள் மட்டுமே வந்தன. அதுவே எமக்குப் போதுமாயிருந்தது. கட்டில் எழும்பும், ஒரு கணம் நிற்கும், பின்பு வயிற்றை மேலே விட்டுவிட்டுத் தான் மட்டும் கீழே போகும். சற்றே ஓய்ந்ததும் கப்பல் துறை பிடிக்கலாயிற்று. கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் சுழலி எமது தலைமாட்டின் கீழேயே இருக்கிறது என்பதை அப்போதுதான் அறிந்தோம். மாவரைக்கும் ஆலைக்குள் படுத்திருப்பதுபோல் இருந்தது. ஓர் இரவில் மூன்று நான்கு துறைகள் வரும் பாதை அது.

விடிந்ததும் தள்ளாடிக்கொண்டு தாயாரின் அறைக்கு ஓடினோம். அவர் குளித்து, திருநீறு பூசி, சன்னலோரம் அமர்ந்திருந்தார். “என்ன தம்பி, முகம் இப்படிக் கிடக்குது? நித்திரை கொள்ளேல்லையே?” என்று எம்மை விசாரித்தார். இரவு கப்பல் ஆடியதையே அவர் அறியவில்லை.

பின்வந்த நாட்களில் வடதுருவ வட்டத்தைக் கடந்தோம்; லொஃபொத்தன் தீவுகளின் கூர்மலைகளைக் கண்டோம். தாயார் பசியோடு உண்டார்; அமைதியாக உறங்கினார். தலைமன்னாரை அவர் ஒருமுறையேனும் நினைவுபடுத்தவில்லை.

ஆறாம் நாள் இரவு, நள்ளிரவை ஒட்டிய வேளையில் கப்பல் போட்ஸ்பியோர்ட்டை நெருங்கியது. எல்லோரும் தாயாரின் அறையிலே கூடினோம். சன்னலில் வெற்று மலைச்சரிவொன்று தெரிந்தது. பின்பு நீர் தெரிந்தது. கப்பல் மெல்லத் திரும்பித் துறையை அணைந்தபோது, துறைமேடை மறுபக்கத்தில் இருந்தது! வலப்பக்கம், இடப்பக்கம் என்று இரண்டு இரவுகள் வாதாடியவர்கள், எந்தப் பக்கத்தால் கப்பல் துறை பிடிக்கும் என்று மட்டும் விசாரிக்கவில்லை. கப்பல் அங்கு நெடுநேரம் தரிக்கப் போவதுமில்லை.

தாயாரே எழுந்தார். கம்பளிச் சால்வையைப் போர்த்தி, மருமகளின் கையைப் பற்றிக்கொண்டு வெளியே வந்தார். நான்கு கதவுகள் தள்ளி மின்தூக்கி. இரண்டு நிமிடங்களில் மேற்றளத்துக் கம்பியோரம் நின்றோம். அறை கப்பலின் கோடியில் இருந்திருந்தால், அல்லது ஆறு நாட்களும் அவர் வாந்தியும் பட்டினியுமாகக் கிடந்திருந்தால், அந்த இடத்துக்கு அவரால் வந்திருக்க இயலாது.

கீழே மீன் தொழிற்சாலைகளின் நீண்ட கூரைகள். துறையில் கட்டியிருந்த படகுகள். குளிர்ந்த காற்றோடு வந்த மீன் மணம். எதிர்மலையின் முகட்டிலே பொன்போன்ற வெயில் படிந்திருந்தது. தாயார் எமது கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடியும் மலையைப் பார்த்தார்.

“அப்ப, பிள்ளை உண்மையைத்தான் எழுதியிருக்கிறான்” என்றார்.

கப்பல் ஊதியது. துறை விலகிச் சென்று கூரைகள் மறையும்வரை அவர் அங்கேயே நின்றார். பிறகு, தாமாகவே நடந்து அறைக்குத் திரும்பி உறங்கினார். நாம் அணியத்துக்குச் சென்றோம். அன்றிரவும் சுழலி தலைமாட்டில் உறுமிற்று. ஆனால், அதைப்பற்றிக் குறைப்பட எமக்கு மனம் வரவில்லை.