அவர் சொல்லாமற்போன சொல்

பங்கைச் சேர்ந்த அன்பர் ஒருவரின் முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலி முடிந்த மாலை, அவருடைய இல்லத்திற்குச் சென்றிருந்தேன். நாற்பது ஆண்டுகள் உடன் வாழ்ந்த கணவரை இழந்த அத்தாய், "வாங்க சாமி" என்று எழுந்து வரவேற்றார். அவருடைய துயரம் நான் அறிந்ததே. ஆயினும் அன்று அவரை வாட்டியது வேறொன்று.

சிங்கப்பூரில் பணிபுரியும் மகன் நாள்தோறும் இரவில் அழைக்கிறான். தாயின் பழைய கைப்பேசியில் முகப்புக் காமிரா பழுதுபட்டுவிட்டது. மகனின் முகம் தாய்க்குத் தெரிகிறது. தாயின் முகம் மகனுக்குத் தெரிவதில்லை. அதற்காகவே உறவினர் ஒருவர் மூலம் புதிய கைப்பேசி ஒன்றை அவன் அனுப்பியிருந்தான். அதுவோ வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லைக் கேட்டது.

"அதெல்லாம் அவங்கதான் பாத்துக்கிட்டாங்க, சாமி. நான் கேட்டதும் இல்ல, அவங்க சொன்னதும் இல்ல" என்றார் அத்தாய்.

பதினோராம் வகுப்பில் பயிலும் பேரன், ரூட்டரின் அடியில் ஒட்டியிருந்த தாளில் அச்சிட்டிருந்த சொல்லை இட்டுப் பார்த்தான், பயனில்லை. தாத்தா அதை மாற்றியிருந்தார். உடனே அவன் ஓர் ஊசியுடன் வந்து, "பின்னாடி இருக்கிற ஓட்டையில அழுத்திப் பிடிச்சா எல்லாம் புதுசாயிடும், சாமி" என்றான். உண்மைதான். ஆனால் அவர் அமைத்து வைத்தவை அனைத்தும் அழிந்துவிடும். இணைப்பு தந்தவர்களின் ஆளை அழைத்து மீண்டும் அமைக்கவும் நேரலாம். "அவங்க வச்சத அழிக்காதேப்பா" என்று அத்தாய் தடுத்தார்.

அப்பொழுது, பழைய கைப்பேசி இன்னும் வைஃபையில் இணைந்தே இருக்கிறதல்லவா என்று எனக்குத் தோன்றிற்று. ஒருமுறை நாம் இட்ட கடவுச்சொல்லைக் கைப்பேசி தன் நினைவில் காத்து வைத்துக்கொள்கிறது. நாம் மறந்தாலும் அது மறப்பதில்லை.

அதை வாங்கிப் பேரனிடம் கொடுத்தேன். செட்டிங்ஸில் வைஃபை பகுதியைத் திறந்து, இணைந்திருக்கும் பெயரைத் தொட்டு, 'ஷேர்' என்பதை அழுத்தினான். கைப்பேசி தன் பூட்டைத் திறக்கும் எண்ணைக் கேட்டது, பாட்டி சொன்னார். திரையில் கட்டங்கட்டமான கியூ.ஆர். குறியீடு தோன்றிற்று, அதன்கீழ் கடவுச்சொல்லும் இருந்தது. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் பெரும்பாலான கைப்பேசிகளில் இவ்வசதி உண்டு. ஐபோனில், 2022-இல் வந்த ஐ.ஓ.எஸ். 16 முதல், செட்டிங்ஸிலேயே சேமித்த சொல்லைக் காணலாம்.

அச்சொல்லை இங்கே எழுதுவது முறையன்று. அவர்கள் மணமான புதிதில் அவ்வீட்டுத் தொழுவத்தில் நின்ற ஒரு பசுவின் பெயர் அதில் இருந்தது என்று மட்டும் சொல்வேன். அதைப் பேரன் வாசித்ததும் அத்தாய் முதலில் சிரித்தார். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "அந்தப் பால்லதான் பிள்ளைங்க வளர்ந்தாங்க, சாமி." அக்கணவர் மறைத்து வைத்தவர் அல்லர், சொல்ல வேண்டும் என்று நினையாதவர், அவ்வளவே.

சற்று நேரத்தில் புதிய கைப்பேசி ஒலித்தது. "என்னம்மா, இப்படி இளைச்சுப் போயிட்டீங்க?" என்ற மகனின் குரல் கேட்டது. நான் விடைபெற்றுக்கொண்டேன்.

குடும்பத் தலைவர்களே, வீட்டில் ஒருவர் மட்டுமே அறிந்த சொல் ஏதேனும் இருப்பின், இன்றிரவே வீட்டுக் கணக்கு நோட்டில் எழுதி, அது இருக்குமிடத்தை மனைவிக்கும் மக்களுக்கும் காட்டுங்கள். கியூ.ஆர். குறியீட்டைப் படமெடுத்து எவருக்கும் அனுப்பாதீர்கள். அது கிடைத்தவர் எவரும் உங்கள் இணைப்பில் நுழையலாம். பங்கு இல்லத்திற்குத் திரும்பியதும் நான் செய்த முதல் வேலையும் அதுவே: எங்கள் கடவுச்சொல்லை எழுதி, அந்த நோட்டு இருக்குமிடத்தை உதவிப் பங்குத்தந்தைக்குக் காட்டினேன்.